ஹெட்டர் பைப் என்ன சைஸ் போடுவது? சேலத்தில் இன்ஜின் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி, ஹெட் வேலை பார்த்து, கம்ப்ரஷன் ஏற்றி வைத்திருக்கும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் காருக்கு ஹெட்டர், அதாவது ஹெட்டில் இருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பைப் தொகுப்பு, செய்யப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். டர்போ வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை இங்கே தொடவில்லை. இன்ஜின் உள்ளே எதையும் மாற்றாமல் சத்தத்துக்காக மட்டும் ஹெட்டர் போட நினைப்பவர்கள் அந்தக் காசில் நல்ல டயர் வாங்கிக்கொள்ளலாம், ஏற்காட்டு ரோட்டில் அதுதான் அதிகம் உதவும்.

என்னுடையது 1.3 லிட்டர் எஸ்டீம். இதற்கு ஹெட்டர் செய்ய அலைந்தபோது ஐந்து ரோடு பக்கமும் கொண்டலாம்பட்டி பக்கமும் எங்கே விசாரித்தாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: "ஒன்றரை இன்ச் போடுங்கண்ணா, பெருசா இருந்தா ஃப்ரீயா போகும்." ஏன் ஒன்றரை, உள் அளவா வெளி அளவா, எத்தனை ஆர்.பி.எம்.முக்கு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். விடை கிடைக்க எனக்கு மாதக் கணக்கில் ஆனது. கணக்கு தெரிந்தால் ஒரு மாலையில் முடியும் வேலை இது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் வாயு வேகமாகப் போனால்தான் தன் பின்னால் ஒரு இழுவையை உண்டாக்கும், அந்த இழுவைதான் சிலிண்டரில் மிச்சம் இருக்கும் புகையை வெளியே இழுத்து, இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் புதுக் காற்றையும் உள்ளே வரவைக்கும். பைப் தேவைக்கு மேல் பெரிதானால் வேகம் குறையும், இழுவையும் போய்விடும். மேலே 6500-இல் இரண்டு குதிரை சக்தி கூடியிருக்கலாம், ஆனால் நீங்கள் நாள் முழுக்க ஓட்டும் 3000–5000-இல் வண்டி செத்துக் கிடக்கும்.

1. முதலில் காகிதங்கள்

பைப் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சத்தமும் புகையும் வரம்பு மீறினால் 190(2): முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும். இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். முழு ரேஸ் வேலை என்றால் வண்டியை டிரக்கில் ஏற்றி கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ கொண்டுபோய் ஓட்டுங்கள். ரோட்டில் ஓட்டப்போகும் வண்டியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

ஆர்.சி.: எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். பதினைந்து வருடம் முடியும் வண்டிக்கு ஃபார்ம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம், வண்டியை நேரில் காட்ட வேண்டும். அது நெருங்கி வந்தால் முதலில் அதை முடித்துவிட்டு ஹெட்டர் வேலையைத் தொடங்குங்கள்.

புகைச் சான்றிதழ்: எஸ்டீம் மாதிரி பி.எஸ்.2, பி.எஸ்.3 காலத்து பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோ கார்பன் 750 பி.பி.எம். வரம்பு. பி.எஸ்.4 என்றால் 0.3 சதவீதம், 200 பி.பி.எம். பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். வேலைக்கு முன்னால் ஒரு தடவை எடுத்து அந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

இன்ஷூரன்ஸ்: செய்யும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் "பரவாயில்லை சார்" என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

கேம் கார்டு: கேம் அரைத்துக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு தாள். எக்ஸாஸ்ட் வால்வு பி.டி.சி.க்கு (பிஸ்டன் அடிமட்டத்தில் இருக்கும் புள்ளிக்கு) எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறது என்ற எண் அதில் இருக்கும். இது இல்லாமல் பைப் நீளம் கண்டுபிடிக்க முடியாது. கேம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

2. உங்கள் வண்டி எந்த ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது?

சைஸ் முழுக்க இந்த ஒரு எண்ணில் இருந்துதான் வருகிறது. "7000 வரைக்கும் போகும்" என்பதெல்லாம் இதற்கு உதவாது. எங்கே அதிக நேரம் ஓடுகிறது என்பதுதான் வேண்டும்.

ஓபிடி சாக்கெட் (இன்ஜின் விவரங்களைப் படிக்கும் இணைப்பு) வேலை செய்யும் வண்டி என்றால் ஒரு புளூடூத் அடாப்டரும் மொபைல் ஆப்பும் போதும், ஆர்.பி.எம். பதிவாகிவிடும். பழைய வண்டி என்றால் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து டேகோ மீட்டரை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஐந்து விநாடிக்கு ஒரு தடவை நிறுத்தி, முள் நிற்கும் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் இதற்கு மாற்று கிடையாது.

சேலத்துக்காரர்களுக்கு அடிவாரத்தில் இருந்து ஏற்காடு ஏறும் ரோடு நல்ல சோதனைக் களம், வேகமாக ஓட்ட வேண்டியதில்லை, வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஆர்.பி.எம். தரைக்கு இறங்கி, வெளியே வரும்போது இரண்டாம் கியரில் கீழே இருந்து இழுக்க வேண்டும். என் வண்டியில் நேரம் முக்கால்வாசி 3000-க்கும் 5000-க்கும் இடையில்தான் போனது. 6000-ஐத் தொட்டது அபூர்வம்.

இன்னொன்றும் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. குளிரால் கொஞ்சம் ஈடாகும், ஆனாலும் இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும், டர்போ இல்லாத வண்டியில் டார்க்கும் (இன்ஜினின் இழுக்கும் பலம்) அதே அளவு குறையும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் இடத்தில் பெரிய பைப்பைப் போட்டு கீழ் டார்க்கை இன்னும் குறைப்பது எதற்கு? மலை ரோட்டில் அதிகம் ஓட்டுபவர்கள் இரண்டு சைஸுக்கு நடுவில் தடுமாறினால் சின்னதை எடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் ஓமலூர் தாண்டிப் பறப்பவர்களும் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களும் பெரியதை எடுக்கலாம்.

அதிக டார்க் எந்த ஆர்.பி.எம்.மில் வர வேண்டும் என்று இப்போது முடிவு செய்யுங்கள். கம்பெனியில் இருந்து வந்த 1.3 எஸ்டீமுக்கு அது 4500. மிதமான கேம் போட்ட என் இன்ஜினுக்கு நான் எடுத்தது 5000.

3. உள் விட்டம் கணக்கிடுவது

ரேஸ் இன்ஜின் செய்பவர்கள் பல வருடமாகப் பயன்படுத்தும் எளிய விதி ஒன்று இருக்கிறது. மெட்ரிக்கில் மாற்றி எழுதினால் இப்படி வரும்:

பைப்பின் உள் பரப்பு (சதுர செ.மீ.) = டார்க் ஆர்.பி.எம். × ஒரு சிலிண்டரின் சி.சி. ÷ 2,24,000

எஸ்டீம் 1298 சி.சி., நான்கால் வகுத்தால் 324.5. 5000 × 324.5 ÷ 2,24,000 = 7.24 சதுர செ.மீ. இந்தப் பரப்புக்கு உள் விட்டம் 30.4 மி.மீ.

அதே இன்ஜினுக்கு, 1.6 மி.மீ. கனமுள்ள பைப்பில், கடையில் சொல்லும் சைஸ்கள் எங்கே டார்க்கைக் கொண்டுபோய் வைக்கும் என்று பாருங்கள்:

ஒன்றேகால் இன்ச் வெளி விட்டம், உள்ளே 28.6 மி.மீ.: சுமார் 4400 ஆர்.பி.எம்.
ஒன்றேகால் அரைக்கால் என்று குழப்பாமல் சொன்னால், 34.9 மி.மீ. வெளி விட்டம், உள்ளே 31.7: சுமார் 5450
ஒன்றரை இன்ச், உள்ளே 34.9: சுமார் 6600

அந்த "ஒன்றரை இன்ச் போடுங்கண்ணா" என்ன செய்யும் என்று இப்போது தெரிகிறதா? 6600-இல் டார்க். ஏற்காடு போகிற வழியில் அந்த ஆர்.பி.எம்.மை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு இதே ஒன்றரை இன்ச் சுமார் 5350-இல் கொண்டுவந்து வைக்கும், அந்த வண்டிக்கு அது நல்ல சைஸ். யாரோ ஒருவர் 1.6-க்குப் போட்டது ஊர் முழுக்க எல்லா வண்டிக்கும் பரவியிருக்க வேண்டும் என்பது என் யூகம்.

உங்கள் சி.சி.யைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள், என் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். சிலிண்டர் போரை (உள் விட்டத்தை) பெரிதாக்கியிருந்தால் புது சி.சி.யைப் போட வேண்டும்.

4. நீளம், அப்புறம் 4-2-1 ஆ 4-1 ஆ

ரோட்டுக்கும் மலைக்கும் 4-2-1 தான். நான்கு பைப் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும். டார்க் பரந்து கிடைக்கும். 4-1 மேல் ஆர்.பி.எம்.முக்கு, டிராக்குக்கு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

4-2-1 இல் எதை எதோடு சேர்ப்பது என்பதில் பட்டறைகளில் தவறு நடக்கிறது. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்றால் 1-ஐயும் 4-ஐயும் சேர்க்க வேண்டும், 2-ஐயும் 3-ஐயும் சேர்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, பைப் வளைக்க சுலபம் என்று 1, 2 ஒன்றாகவும் 3, 4 ஒன்றாகவும் சேர்த்தால் ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததை முட்டித் தள்ளும். வெல்டரிடம் வாயால் சொன்னால் போதாது, படம் போட்டுக் கொடுங்கள்.

நீளத்துக்கு: 180-உடன் கேம் கார்டில் உள்ள டிகிரியைக் கூட்டுங்கள். என்னுடையது 50, ஆக 230.

மொத்த நீளம் (செ.மீ.) = 2160 × 230 ÷ 5000 − 7.6 = சுமார் 92 செ.மீ.

இது வால்வில் இருந்து இல்லை, ஹெட்டின் முகத்தில் இருந்து பைப்பின் நடுக்கோட்டு வழியாக அளக்க வேண்டியது. 4-2-1 இல் முதல் 38 செ.மீ. நான்கு பைப்பாகவும் மிச்சம் 54 செ.மீ. இரண்டு பைப்பாகவும் வரும். இரண்டாம் பைப்பின் உள் விட்டம், முதல் பைப்பின் உள் விட்டத்தை 1.315-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 30 மி.மீ. என்றால் 39.5. நீளத்தில் இரண்டு செ.மீ. கூடக் குறைய இருந்தால் கவலைப்பட வேண்டாம், இடம் இல்லாமல் ரேடியேட்டர் ஃபேனில் முட்டுகிறது என்றால் நீளத்தை விட்டுக்கொடுங்கள். விட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. பைப் வாங்குவது: அதிகம் ஏமாறும் இடம் இதுதான்

எஃகு ஊரில் இருந்துகொண்டு பைப்புக்கு அலைவதா என்று தோன்றும். செவ்வாய்ப்பேட்டையில் சுற்றினால் எல்லாம் கிடைக்கும்தான், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போக வேண்டும்.

முதல் குழப்பம், ட்யூபும் பைப்பும். ட்யூப் வெளி விட்டத்தை வைத்து விற்பது. பைப் என்பது பெயரளவு சைஸ். "ஒரு இன்ச் பைப்" என்று வாங்கினால் அதன் வெளி விட்டம் 33.4 மி.மீ. "ஒன்றேகால் இன்ச் பைப்" என்றால் 42.2 மி.மீ. "ஒன்றேகால் இன்ச் ட்யூப்" என்றால் 31.8 மி.மீ. ஒரே வார்த்தை, பத்து மி.மீ. வித்தியாசம். வெர்னியர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். வெளியே அளந்து, கனத்தை அளந்து, கனத்தை இரண்டு தடவை கழியுங்கள்.

இந்தக் குழப்பத்திலேயே நமக்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. ஒரு இன்ச் ஷெட்யூல் 5 பைப் (ஷெட்யூல் என்பது கனத்தின் வகை): வெளியே 33.4, கனம் 1.65, உள்ளே 30.1 மி.மீ. எனக்கு வேண்டியது 30.4! ஒன்றேகால் இன்ச் ஷெட்யூல் 5: உள்ளே 38.9, எனக்கு வேண்டியது 39.5. கடைசி ஒற்றைப் பைப்புக்கு ஒன்றரை இன்ச் ஷெட்யூல் 5, உள்ளே 45 மி.மீ., மிதமான 1.3 லிட்டருக்குப் போதும். இந்த சைஸ்களுக்கு பட்வெல்ட் எல்போ (முனையோடு முனை வைத்து வெல்ட் செய்யும் வளைவு) ரெடிமேடாகக் கிடைக்கும், பால் பண்ணை லைனுக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் கெமிக்கல் வேலைக்கும் போடுவது. ஆக உள்ளே தடி விட்டு நசுங்காமல் வளைக்கும் மெஷினைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. எல்போ வாங்கும்போது லாங் ரேடியஸ் என்று கேளுங்கள், ஷார்ட் ரேடியஸ் வேண்டாம். ஷெட்யூல் 10 கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள், அதன் கனம் 2.77, உள்ளே 27.9-தான் வரும், எடையும் கூடும்.

இரண்டாவது, தரம். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். கைப்பிடி, கேட் செய்யும் பைப் பெரும்பாலும் 202, பார்க்க ஒரே மாதிரி பளபளக்கும், இரண்டிலும் காந்தம் ஒட்டாது, ஆக காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. பழைய ஸ்டீல் எடுப்பவர்களிடம் சொட்டுத் திரவ டெஸ்ட் கிட் இருக்கும், ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பில் போட்டு வாங்குங்கள், பில்லில் 304 என்று எழுதச் சொல்லுங்கள், முழு நீளம் வாங்கினால் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் நகல் கேளுங்கள். கம்பெனி சைலன்சர்களில் வரும் 409-இல் காந்தம் ஒட்டும், அதுவும் எக்ஸாஸ்ட்டுக்கு நல்ல எஃகுதான், ஆனால் சில்லறையில் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது, நீளம். பைப் 6 மீட்டர் துண்டாக வரும், நமக்கு வேண்டியது வீணாவதையும் சேர்த்து ஒரு இன்ச்சில் இரண்டரை மீட்டர், ஒன்றேகாலில் ஒன்றரை மீட்டர். எடை ஆறு கிலோ. வெட்டித் தர மறுத்தால் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் கேளுங்கள், மிச்சத் துண்டு எப்போதும் இருக்கும்.

6. போர்ட்டும் ஃப்ளேஞ்சும்

ஹெட்டில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் வாயில் கொஞ்சம் ஆயில் தடவி கிராஃப் பேப்பரை அழுத்தி எடுங்கள். சதுரங்களை எண்ணினால் பரப்பு கிடைத்துவிடும். பைப் வாய் போர்ட்டை விட எந்தப் பக்கமும் உள்ளே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, ஒரு மி.மீ. சுற்றிலும் பெரிதாக இருப்பது நல்லது, திரும்பி வரும் புகையை அந்தப் படி போன்ற விளிம்பு தடுக்கும். போர்ட் ஓவல், பைப் வட்டம் என்றால் முதல் மூன்று நான்கு செ.மீ.யில் மெதுவாக வடிவம் மாற வேண்டும், பைப் முனையை வைஸில் அழுத்தி ஓவலாக்குவார்கள். கணக்கில் வந்த பைப் போர்ட்டை விடச் சின்னது என்றால் பைப்பைப் பெரிதாக்காமல் இந்த மாறும் பகுதியை கூம்பாகச் செய்யச் சொல்லுங்கள்.

ஃப்ளேஞ்ச் (பைப்புகளை ஹெட்டில் போல்ட் போட்டு மாட்டும் தகடு) 10 மி.மீ. தகடு, லேசர் கட்டிங். பழைய கேஸ்கெட்டை மாதிரியாகக் கொடுக்காதீர்கள், அது நசுங்கி வடிவம் மாறியிருக்கும். புதுக் கேஸ்கெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

7. வெல்டரைத் தேர்ந்தெடுப்பது

ஆர்கான் வெல்டிங் மட்டும். சாதா ஆர்க் வெல்டிங்கில் செய்த ஹெட்டரின் உள்ளே எட்டிப் பாருங்கள், கணக்குப் போட்டு எடுத்த 30 மி.மீ. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் உருகி வழிந்து 26 ஆகியிருக்கும்.

கார் பட்டறையை விட, பால் லைன் வேலை செய்யும் ஆர்கான் வெல்டரைத் தேடுங்கள் என்பேன். பால் போகிற பைப்பின் உள்ளே சின்னப் பிசிறு இருந்தாலும் அங்கே ஏற்க மாட்டார்கள், அந்தக் கை நமக்கு வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உள்ளே பர்ஜிங் விடுவீங்களா?" பைப்பின் உள்பக்கமும் ஆர்கான் விட்டு வெல்ட் செய்தால்தான் உள்ளே கருகிப் பொரிப்பொரியாக வராது. இதற்கு ஆர்கான் அதிகம் செலவாகும், தனியாகக் காசு கேட்பார், கொடுங்கள்.

முன்மாதிரிக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் ஃப்ளெக்சிபிள் பைப்பையும் உள்ளே ஒரு கம்பியையும் வைத்து வண்டியிலேயே பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபேன், ஆயில் ஃபில்டர், ஒயரிங் எல்லாவற்றுக்கும் விரல் கனம் இடைவெளியாவது வேண்டும், இன்ஜின் ஆடும் என்பதை மறக்க வேண்டாம். அடியில் ஸ்பீடு பிரேக்கர் உரசக் கூடாது. இறுதி வெல்டிங்கின்போது ஃப்ளேஞ்சை ஒரு பழைய ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைந்துவிடும், அப்புறம் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது.

304 சூட்டில் நன்றாக விரியும். 600 டிகிரி ஏறினால் 38 செ.மீ. பைப் நான்கு மி.மீ. நீளும். முதல் பைப்பும் இரண்டாம் பைப்பும் சேரும் இடத்தில் ஸ்லிப் ஜாயின்ட் (ஒன்றுக்குள் ஒன்று நகரும் இணைப்பு) வைத்து ஸ்பிரிங் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வெல்ட் செய்தால் ஒரு வருடத்துக்குள் பைப்புகள் ஒன்றாகச் சேரும் கலெக்டர் பக்கம் விரிசல் வரும். ஹீட் ராப் துணியும் சுற்ற வேண்டாம், மலை மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

8. ஆக்சிஜன் சென்சார்

நான்கு சிலிண்டரும் சேர்ந்த பிறகு, முடிந்தவரை இன்ஜினுக்குப் பக்கத்தில். நான்கில் ஒரு பைப்பில் மட்டும் வைத்தால் ஒரு சிலிண்டரை வைத்து நான்குக்கும் பெட்ரோல் கணக்கிடும். பாஸ் (சென்சாரைத் திருகும் மரை) 18 மி.மீ., 1.5 பிட்ச். சென்சார் முனை கீழ் நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அடியில் இருந்து மேல் நோக்கி வைத்தால் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும். சென்சாருக்கு முன்னால் எங்கே சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சி, பெட்ரோல் குறைவு என்று இ.சி.யு.வுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு) தவறாகச் சொல்லும், வண்டி பெட்ரோலைக் குடிக்கும், புகை டெஸ்ட்டிலும் தோற்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெகுதூரம் பின்னால் தள்ளாதீர்கள், சூடாகாவிட்டால் அது வேலை செய்யாது.

9. செலவும் காலமும்

நான் செய்த சமயத்து விலையைச் சொல்கிறேன், கொஞ்சம் ஏறி இறங்கும்.

304 பைப் கிலோ 300 முதல் 400 ரூபாய். துண்டாக வாங்கினால் இரண்டாயிரம், முழு நீளம் எடுக்கச் சொன்னால் ஆறேழு ஆயிரம். எல்போ ஒன்று 150 முதல் 250, பதினைந்து வரை ஆகும். லேசர் ஃப்ளேஞ்ச், கலெக்டர், பாஸ், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து ஐயாயிரம். வெல்டிங் கூலி பர்ஜிங்குடன் 12,000 முதல் 18,000. டைனோவுக்கு (வண்டியை நிறுத்தி வைத்தே சக்தியை அளக்கும் மெஷின்) கோவையோ பெங்களூரோ போக வேண்டியிருக்கும், அதற்கு ஐயாயிரமும் பெட்ரோலும் தனி. ஹெட்டர் போட்டபின் டியூனிங் கட்டாயம், ஹெட்டருக்கு மட்டும் பட்ஜெட் போட்டு டியூனிங்கை விட்டுவிடாதீர்கள்.

மொத்தக் கூலியை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒரு பட்டறையில் அப்படிக் கொடுத்துவிட்டு வாரக் கணக்கில் நடந்தவரை எனக்குத் தெரியும். பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலியில் பாதி மாக்-அப் (முன்மாதிரி) முடிந்ததும், மீதி லீக் டெஸ்ட் முடிந்ததும்.

நல்ல வெல்டர் கையில் இருந்தால் பதினைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வாரம் சேலத்தில் எந்தப் பட்டறையிலும் வேலை நகராது, ஆயுத பூஜைக்கு முன்னால் எல்லாரும் நிலுவை வேலையை முடிக்க ஓடுவார்கள். மே மாதக் கோடை விழா நேரத்தில் ஏற்காட்டு ரோட்டில் சோதனை ஓட்டம் என்ற பேச்சே வேண்டாம்.

10. மாட்டிய பிறகு

முதல் நாள் ஐடிலில் சூடாகும்வரை விட்டு, முழுதாக ஆறவைத்து, நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சூட்டில் இறுக்கினால் ஸ்டட் முறியும். சில நூறு கிலோமீட்டர் போனதும் இன்னொரு தடவை. லீக் இருக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த இன்ஜினில் சைலன்சர் வழியாக வேக்குவம் கிளீனர் காற்றை ஊதி, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி காட்டும்.

டியூனிங்கில் முழு ஆக்சிலரேட்டரில் காற்று பெட்ரோல் விகிதம் 12.5-க்கும் 13-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஃபுல் ஆக்சிலரேட்டர் சோதனையை டைனோவில் அல்லது டிராக்கில் மட்டும் செய்யுங்கள், ஏற்காட்டு ரோட்டில் பள்ளிக் குழந்தைகளும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களும் நடக்கிறார்கள்.

அப்புறம் மறுபடி புகை டெஸ்ட் எடுத்து, முன்னால் எழுதி வைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். கழற்றிய கம்பெனி மேனிஃபோல்டை எடைக்குப் போட வேண்டாம். நட்டு, ஹீட் ஷீல்டு, ஒரு புதுக் கேஸ்கெட் எல்லாவற்றையும் சேர்த்து ஆயில் தடவி சாக்கில் கட்டி வையுங்கள். ஆர்.சி. புதுப்பிக்கும்போதும் வண்டியை விற்கும்போதும் அதுதான் முதலில் கேட்பார்கள், பழைய எஸ்டீமுக்கு இப்போது அதைத் தேடி வாங்குவது ஹெட்டர் செய்வதை விடக் கஷ்டம்.